கையெழுத்து அக்காவுடையது, பணம் யாருடையது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1986. நான் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. அப்போது சம்பளம் ரொக்கமாகத்தான் கிடைக்கும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். என்னோடு ஓர் அக்கா வேலை பார்த்தார். சம்பள நாளன்று அவருடைய வீட்டுக்காரர் பள்ளி வாசல் வேப்ப மரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். அக்கா கையெழுத்துப் போட்டு, கவரை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பி வரும்போது கையில் பஸ் காசு மட்டும் இருக்கும். "குடும்பப் பொறுப்பு முழுக்க அவரே பார்க்கிறார், கொடுத்து வைத்தவர்" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மனைவி சம்பாதித்தால் அது யாருக்கு? இது பழைய கேள்வி. இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836-இல் கணவரைப் பிரிந்தார். அவர் எழுதிச் சம்பாதித்த பணமும் தனக்கே என்றார் கணவர். சட்டமும் கணவர் பக்கமே இருந்தது. மனைவியின் கூலி மனைவிக்கே என்ற சட்டம் அங்கு 1870-இல்தான் வந்தது.

1874-இல் இந்தியாவிலும் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. ஆனால் சம்பாத்தியம் பற்றிய பிரிவு இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். முஸ்லிம் பெண்களுக்கு அவர்களுடைய சமயச் சட்டமே தனிச் சொத்துரிமை தந்திருந்தது. பழைய இந்து சட்டத்திலோ, கணவர் இருக்கும்வரை மனைவி உழைத்துச் சம்பாதித்தது அவர் கட்டுப்பாட்டில்தான்.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்துக்குப் பெண்ணையே முழு உரிமையாளர் ஆக்கியது. சீதன நகை மனைவிக்கே சொந்தம், கணவர் திருப்பித் தர மறுத்தால் அது குற்றம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989-இல் தமிழ்நாடு, மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், அந்த வேப்ப மரத்தடியில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பிறகு சம்பளம் வங்கிக்குப் போனது. ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் அவரிடம். அக்கா பேரில் சொசைட்டி லோன் வாங்கினார். அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். "எதுக்கு அக்கா கடன்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

2005-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் பொருளாதார வன்முறை என்று இதற்கு ஒரு பெயர் கிடைத்தது. செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீதனத்தை விற்பது, அவளுக்கு உரிமையுள்ள பணத்தைத் தொடவிடாமல் தடுப்பது எல்லாம் அதில் அடங்கும். ஒரு கூட்டத்தில் இதைக் கேட்ட அன்று அக்கா என்னிடம், "டீச்சர், அடிச்சாத்தான் கொடுமைன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் அவசரப்படவில்லை. முதலில் சான்றிதழ்கள், நகை ரசீதுகளின் நகலை என்னிடம் கொடுத்து வைத்தார். வேறு வங்கியில் தன் பேரில் மட்டும் கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அதற்கு மாற்ற எழுதிக் கொடுத்தார். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் இலவசம். லாக்கரையும் கணக்கையும் கணவர் தொடக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று அக்கா பென்ஷனைத் தன் கையால் எடுக்கிறார்.

வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளே, உங்கள் கார்டு யாரிடம் இருக்கிறது? வங்கிக் குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது? பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறார்களா? படிக்கவிடாமல் கையெழுத்துக் கேட்கிறார்களா? விரும்பிப் பகிர்ந்துகொள்வது வேறு, பயந்து கொடுப்பது வேறு. உதவி வேண்டுமென்றால் 181-க்கு அழையுங்கள். பத்திரமான இடத்திலிருந்து பேசுங்கள்.

சக ஆசிரியர்களே, ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.