மெரினாவின் மணல் யார் கணக்கில்?

படிப்பது வணிகவியல், எழுதுவது கடல் பற்றி. இவனுக்கு எதுக்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்பது புரிகிறது :-) கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கும்.

போன மாதம் வகுப்பு முடிந்து நாலைந்து பேர் மெரினாவுக்குப் போயிருந்தோம். சாலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலித்துவிட்டது. "எவ்வளவு மணல்டா!" என்றேன். வடசென்னைக்கார நண்பன் ஒருவன் சொன்னான்: "உங்க பக்கம் பீச்சு, எங்க பக்கம் கல்லு." கிண்டல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அந்த ஒரு வரிக்குள் 150 வருட வரலாறு இருக்கிறது.

1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, கடல் கோட்டையின் கிழக்குச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் துறைமுகம் என்று எதுவும் இல்லை. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர்க்க வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் இவை. அலை தூக்கி அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படியும் சரக்கு நனைவதும் படகு கவிழ்வதும் உண்டு.

வியாபாரம் பெருகியதும் துறைமுகம் தேவைப்பட்டது. 1875 டிசம்பரில், இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர்) அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் எழும்பின. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அவற்றைப் பெரிதும் சிதைத்துவிட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

புயல் ஒரு நாளில் போய்விடும். மணல் போகாது. இங்கே கொஞ்சம் அறிவியல் பார்ப்போம்.

சென்னையில் கடல் ஏற்றவற்றத்துக்கு இடையே உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் கம்பத் வளைகுடாவில் இது 10 மீட்டர் வரை போகும். ஆகவே நம் கரையைச் செதுக்குவது பெரும்பாலும் அலைகளே. அலை கரைக்கு நேராக வராமல் சாய்வாக வந்து மோதுகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளுகிறது. இறங்கும்போது சரிவோடு நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே. வருடக் கடைசியில் கூட்டிக் கழித்தால், வடக்கே போவதுதான் அதிகம்.

இப்படி ஓடும் மணலுக்குக் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்கே குவியும், வடக்கே பஞ்சம் வரும். அதுதான் நடந்தது. கோட்டையிலிருந்து கடல் விலகிப் போனது. தெற்கே கரை வருடா வருடம் அகலமானது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கடற்கரையோரம் நடைபாதை அமைத்து, சிசிலியின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். இன்று நாம் சுண்டல் சாப்பிடும் மணலில் பெரும்பகுதி துறைமுகம் பிடித்து வைத்துக் கொடுத்தது!

மணல் துறைமுகத்தையும் விடவில்லை. முதலில் கிழக்குப் பார்த்து இருந்த வாயிலில் அலையும் மணலும் தொல்லை கொடுத்தன. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி, வடகிழக்கில் புது வாயில் அமைத்தார்கள். கூவத்தின் முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொள்வதற்கும் இந்தக் குவியல் ஒரு காரணம். நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்தும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே கதை வேறு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை அரிக்கத் தொடங்கியது. தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் வரவில்லை. அலையோ வழக்கம்போல இருந்ததை எடுத்துக்கொண்டு வடக்கே போனது. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். கல் கொட்டிய இடம் தப்பிக்கும். ஆனால் அரிப்பு அதற்கடுத்த ஊருக்கு நகரும். கட்டுமரத்தை இழுத்துப் போடவும் வலை உலர்த்தவும் மணல் இல்லாத கரையில் மீனவர் என்ன செய்வார்? இத்தனை தெரிந்த பிறகும், 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர்கள் கட்டியபோது அதே கதை அங்கும் நடந்தது. தெற்கே மணல் மேடு, வடக்கே நகரக் கடற்கரையே காணாமல் போனது.

சரி, கணக்குக்கு வருவோம். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்று முதல் வருடமே படித்தோம். கடல் அந்த விதியைத் தவறாமல் பின்பற்றுகிறது. நாம்தான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறோம். துறைமுகத்தால் வந்த வருமானம் கணக்கில் ஏறியது, மெரினாவின் பெருமையும் ஏறியது. வடக்கே போன நிலமும் குப்பங்களும் யார் பேரேட்டில் ஏறின?

துறைமுகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் இந்த நகரம் இப்படி வளர்ந்திருக்காது. ஆனால் அடுத்த சுவர் கட்டும் முன்பே, அதற்கு வடக்கே இருப்பவர்களின் இழப்பையும் செலவில் சேர்த்து எழுத வேண்டும். தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த முறை மெரினாவுக்குப் போகும்போது, அப்படியே காசிமேடு தாண்டி எண்ணூர் சாலையிலும் ஒரு நடை போய் வாருங்கள். என் நண்பன் சொன்ன கல் அங்கேதான் இருக்கிறது.