ரப்பர்ப்பாலை உறைவிக்கும் தொழில்: பேராக்

ரப்பர் மரத்தின் பட்டையிலிருந்து வடியும் வெண்ணிறத் திரவத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய கனத்தில் உறையச் செய்து பண்டமாக்கும் தொழில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. பால் பதப்படுத்தும் கொட்டகையான தோட்டத்து ஸ்டோரில் அத்திரவம் புகையூட்டிய தகடாக முடிந்தது; பிற்காலத்தில் ஈப்போ, கமுண்டிங் வட்டார ஆலைகளில் மருத்துவக் கையுறையாக முடிகிறது. யந்திரங்கள் முற்றிலும் மாறிவிட்ட போதிலும், அடிப்படையான ரசாயனக் கிரியை இரண்டிலும் ஒன்றே.

பிரேஸிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் இலண்டனுக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் வழிவந்த 22 நாற்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்ட இம்மரம், மோட்டார் வண்டிகள் பெருகிச் சக்கரத்துக்கு ரப்பர் இன்றியமையாததான பிறகே காடழித்துப் பயிரிடும் பொருளாயிற்று. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சித்தியவான் முதலிய இடங்களில் தோட்டங்கள் எழுந்தன; அவற்றில் பால் வெட்டியவர்களும் ஸ்டோரில் நின்றவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பத்தினர்.

விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். வெயிலேறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் பட்டைக்குள் அழுத்தம் தாழ்ந்து ஓட்டம் தளர்ந்துவிடுமாதலால், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டிலேயே கூடிற்று. உளியால் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவிட்டு, மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலைக் காண்டா (தோள்கழி) வாளிகளில் சுமந்து வந்து, நிறுத்து, அதன் செறிவு பார்த்து ஸ்டோர்த் தொட்டியில் ஊற்றினர். அப்பாலின் 100 பங்கில் ரப்பர் 30 முதல் 40 பங்கு வரை இருக்கும். எஞ்சியதில் மிகுதி நீர். புரதமும் சர்க்கரையும் பிசினும் சிறிதளவு. ரப்பரின் நுண்துகள்கள் புரதத்தால் போர்த்தப்பெற்று, ஒரே வகையான மின்னேற்றம் தாங்கி, ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அமிலம் பட்டால் அம்மின்னேற்றம் அற்றுப்போய், உறைமோர் விட்ட பால் தயிராவது போலத் துகள்கள் கூடிக் கட்டியாகின்றன. அம்மோனியா சேர்த்தாலோ விலக்கம் நிலைபெற்றுப் பால் பாலாகவே கிடக்கிறது. இவ்விரு செயல்களையும் மனிதன் தன் வசப்படுத்தியதே இத்தொழிலின் சாரம்.

தகடு செய்யும் முறை பார்வைக்கு எளிது, கைக்கு அரிது. பாலை வடிகட்டி, ரப்பர் 12 முதல் 15 விழுக்காடாகும் வரை நீர் கலந்து, பார்மிக் அமிலத்தை அளவோடு விட்டுக் கலக்கி, நுரையை வழித்து, தொட்டியில் அலுமினியத் தடுப்புகளைச் செருகி வைப்பர். மறுநாள் காலையில் தடுப்புகளுக்கிடையே மெத்தென்ற பலகைகளாக உறைந்து நிற்பதை எடுத்து உருளைகளுக்கிடையே பலமுறை செலுத்தினால், நீர் பிழியப்பட்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் தகடாகும். கடைசி உருளையிலுள்ள வரிப்பள்ளங்கள் தகட்டின்மேல் பதிந்து, அது விரைவில் உலரவும் அடுத்த தகட்டோடு ஒட்டாதிருக்கவும் உதவின. பிறகு புகைவீட்டில் விறகுப் புகையும் 50, 60 பாகை உஷ்ணமும் சில நாட்கள் சேர்ந்து அதைத் தேன் நிறமாக்கின. பூஞ்சணம் பிடிக்காமல் காத்ததும் அப்புகையே. அமிலம் மிகுந்தால் பலகை இறுகும், குறைந்தால் குழையும், நெருப்பு சற்று ஓங்கினால் குமிழி விழும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழியும் தூசியும் பார்த்து, முதல் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை பிரித்த கண்கள் எந்தக் கலாசாலையிலும் பயின்றவை அல்ல. எனினும் அவ்வறிவுக்கு நாட்கூலிக்கு மேற்பட்ட மதிப்பு கிட்டவில்லை என்பது இத்தொழிலின் சரித்திரத்தில் பெருங்குறை.

இவ்வாறு ஆக்கிய தகடு பொதி பொதியாகக் கப்பலேறிற்று; டயராகவும் குழாயாகவும் அது உருக்கொண்டது அயல்நாட்டில். கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயத்துக்கும் இதே கதிதான். பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் 1938ஆம் ஆண்டின் மிதவைத் தூர்வாரி போன்ற பேரியந்திரங்கள் வாரிய கனிமணல், பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டு, பாளங்களாகவே வெளியேறிற்று. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை குலைந்ததும் சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்களோ வேறு வகையில் தேய்ந்தன: 1965இல் தொழில்நுட்ப அளவுகளால் தரம் குறிக்கும் கட்டி ரப்பர் முறை வந்து தகட்டின் இடத்தைப் பறித்தது, நிலத்தைச் செம்பனை கொண்டது, புகைவீடுகள் பாழாயின.

கையுறைத் தொழில் பெருகியது 1980களில். எய்ட்ஸ் நோய் பரவியதால் உலகெங்கும் மருத்துவமனைகள் கையுறையைக் கட்டாயமாக்கின. கையுறைக்குத் தேவைப்படுவது மையவிலக்கு யந்திரத்தில் சுழற்றி ரப்பர் 60 விழுக்காடாகச் செறிவூட்டி, அம்மோனியா சேர்த்த பால்; அதனுடன் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் கலக்கப்படுகின்றன. கை வடிவான பீங்கான் அச்சுகள் சங்கிலியில் கோக்கப்பட்டு ஓய்வின்றி நகர்கின்றன. கழுவிய அச்சு முதலில் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் மூழ்கி உலர்கிறது. பின்பு பாலில் மூழ்குகையில், அச்சின்மேல் படிந்த கால்சியம் ரப்பர்த் துகள்களின் மின்னேற்றத்தைப் போக்க, அச்சைச் சுற்றி மட்டும் மெல்லிய படலம் உறைகிறது. ஸ்டோர்த் தொட்டியில் அமிலம் செய்த வேலையே இது. விளிம்பைச் சுருட்டி, வெந்நீரில் அலசி, நூறு பாகைக்கு மேற்பட்ட உலையில் செலுத்தும்போது கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைப் பிணைக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட வல்கனைசேஷன் இதுவே. மாதிரிக்கு எடுத்த கையுறையில் ஒரு லிட்டர் நீரூற்றித் தொங்கவிட்டு ஓட்டை பார்க்கின்றனர்.

அலசல் அசிரத்தையாக நடந்தால் மரத்தின் புரதம் கையுறையில் தங்கிச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைவிக்கும். இக்காரணத்தாலும் விலையாலும், பெட்ரோலியத்திலிருந்து பெறும் நைட்ரைல் என்ற செயற்கைப் பால் இயற்கைப் பாலைப் பெரிதும் விலக்கிவிட்டது. மிஞ்சிய தேவைக்கான இயற்கைப் பாலும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது உலகக் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மலேசியா அளித்தது. ஆலைகளில் உழைத்தோருள் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் மிகப் பலர். கடன்பட்டு வந்து, அக்கடனை அடைக்க உழைத்த அவர்களது நிலை, முன்னாளில் நம் மூதாதையர் பட்ட பாட்டினின்று வெகுதூரம் விலகியதன்று. 2019 முதல் அமெரிக்கா சில மலேசியக் கையுறைகளின் இறக்குமதியைக் கட்டாய உழைப்பின் காரணமாகத் தடுத்த பின்னரே, ஆட்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கங்கே தோன்றிற்று.

பழம்பொருள்களைக் காக்க 1883இல் தோன்றிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகம் மாநிலத்திலேயே இருக்க, ஸ்டோரில் வேலைபார்த்த தலைமுறையினர் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். அமில அளவையும், பதம் பார்த்த முறையையும், நெருப்பை அடக்கிய வகையையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்தல், பழைய உளி, மங்கு, உருளை இருக்கும் வீட்டார் அவற்றை இரும்புக்கடைக்குப் போடாது காத்தல் ஆகிய இரண்டையும் பேராக்கில் வாழும் தமிழர்கள் உடனே மேற்கொள்ள வேண்டும்.