முட்டைக்குக் குறைவில்லை

பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு மதுரை திரும்பாமல் உடுமலைப் பக்கம் போனால் அமராவதி அணை. சின்ன வயசில் அப்பா அங்கே முதலைப் பண்ணையைக் காட்டினார். ஒன்றுகூட அசையவில்லை. "பொம்மையாப்பா?" என்று கேட்டேன். அது ஒரு பேக்கப் என்று புரிய ஒரு சாஃப்ட்வேர் வேலை தேவைப்பட்டது.

தோல் வியாபாரம் நம் ஆறுகளின் நன்னீர் முதலைகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்திருந்தது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசின் முதலைத் திட்டம், அதே வருஷம் அமராவதிப் பண்ணை. நீர்த்தேக்கக் கரையில் முட்டை சேகரித்து, பொரிக்கவைத்து, வளர்த்துத் தண்ணீரில் விடுவதுதான் வேலை. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணை இன்னும் நுணுக்கமாகப் போனது. குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் முடிவு செய்கிறது: 31 டிகிரிக்குக் கீழே எல்லாம் பெண், 32.5 பக்கம் பெரும்பாலும் ஆண். சில தாய்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை முட்டையிட்டன.

சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை நேர் எதிர். 1889-ல் கல்கத்தா மிருகக்காட்சி சாலையில் ஒரு குட்டி பிறந்தது. கூண்டிலேயே கருவாகி அடுத்த குட்டி பிறக்க 112 வருஷம் ஆனது: 2001, சின்சினாட்டி. நடுவே, 1984-க்குப் பிறகு, 40 காண்டாமிருகங்களைப் பிடித்தார்கள். பெரும்பாலானவை குட்டி போடாமலே செத்தன. இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டையே வெளிவரும் என்பதுகூட அப்போது யாருக்கும் தெரியாது.

நம்ம முதலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆயிரக்கணக்கில் பெருகியது, விடத்தான் இடமில்லை. 1990-களில் விடுவிப்பு நின்றது. வடநெம்மேலியில் முட்டைகளை அழிக்க வேண்டிவந்தது. கடைசியில் ஆயிரம் முதலைகளை ஜாம்நகரில் ஒரு தனியார் காப்பகத்துக்கு அனுப்ப ஒப்புதல் கிடைத்து, 2022-ல் விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு!

எங்கள் தொழிலில் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை யாரும் நம்ப மாட்டோம். இங்கே குறை பேக்கப்பில் இல்லை. அணையில் பரிசல் போடுகிறவரிடம் "இன்னும் இருநூறு விடட்டுமாண்ணே?" என்று நான் கேட்பேனா? மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் அமராவதியின் திறந்த நீரில் இன்றும் முதலைகள் இருக்கின்றன. அதனால் இதைத் தோல்வி என்று எழுதவும் கை வரவில்லை.