பீரங்கி மேட்டிலிருந்து நாவல்பட்டு வரை

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் கதையை இந்த விழா மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று தம்பிகள் இரண்டு பேர் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்டார்கள். "நீங்கதானே அங்க எக்ஸாமினரா இருந்தீங்க, உங்களைவிட்டா யாரு எழுதுவா சார்?" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் கதையை நாவல்பட்டிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. தாராசுரத்து மலர் இது. தாராசுரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் கல் தேரின் சக்கரத்தையும், அதை இழுக்கும் குதிரையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கோயிலில் நின்ற துவாரபாலகர் ஒருவரைப் பற்றி ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. அந்தச் சிலை சோழநாட்டுக் கல் அன்று. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து, வெற்றியின் அடையாளமாக அங்கிருந்து கொண்டுவந்தது. அந்தச் செய்தியைத் தமிழில் அந்தச் சிலையிலேயே பொறித்தும் வைத்தார்கள். நம் கோயிலை இரண்டாம் இராசராசன் கட்டியது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. இன்று அந்தத் துவாரபாலகர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கோ ஓர் ஊர் எரிந்ததற்குச் சாட்சியாக அந்தக் கல் நிற்கிறது.

அதே தஞ்சையில் கீழவாசலுக்குப் பக்கத்தில் பீரங்கி மேடு இருக்கிறது. இரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. இராசகோபால பீரங்கி என்று பெயர். நீளம் ஏழரை மீட்டருக்குக் குறையாது, எடை 22 டன் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்ததில்லை. நீள நீளமான இரும்புப் பட்டைகளைப் பீப்பாய் போலச் சேர்த்து, அதன்மேல் வளையம் வளையமாகக் காய்ச்சிப் போட்டு, அடித்து இறுக்கியிருக்கிறார்கள். உலை மூட்டி, துருத்தி ஊதி, சம்மட்டியால் அடித்தே அதைச் செய்து முடித்தவர்கள் நம் கொல்லர்கள். நானூறு ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அது துருப்பிடித்து உதிர்ந்துவிடவில்லை. வேலைக்குச் சேருவதற்கு முன்பு அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தபோதுதான் வளையங்களின் பொருத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றியது.

நாயக்கர் காலத்துக்குப் பிறகு நாட்டில் ஆயுதம் செய்யும் உரிமை வெள்ளைக்காரன் கைக்குப் போனது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் காசிப்பூரில் 1801இல் பீரங்கி வண்டிகளுக்கான தொழிற்சாலை அமைத்து, 1802 மார்ச் 18 அன்று உற்பத்தியைத் தொடங்கினார்கள். இன்றும் மார்ச் 18தான் படைக்கலத் தொழிற்சாலைகள் நாள். தமிழ்நாட்டுப் பக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை வந்தது. சுதந்திரம் வந்த பிறகு 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வேலை தொடங்கி, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

திருச்சித் தொழிற்சாலைக்கு வித்திட்டது 1962. சீனாவுடன் போர் மூண்டபோது நம் வீரர்களில் மிகப் பலர் கையில் இருந்தது ஒரு குண்டு சுட்டதும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய .303 ரைஃபிள். மலை உச்சியில் பனியில் நின்ற பையனிடம் அதைக் கொடுத்து அனுப்பியதற்கு நாடு கொடுத்த விலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் படைக்கலத் தொழிற்சாலைகளைப் பெருக்கினார்கள். அந்த வரிசையில் 1966இல் திருச்சி நாவல்பட்டுப் பக்கம் எங்கள் தொழிற்சாலை எழுந்தது. ஊரார் வாயில் அது துப்பாக்கித் தொழிற்சாலை. எங்கள் வாயில் ஓ.எஃப்.டி. அப்போதே திருவெறும்பூரில் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) வந்துவிட்டது. அதற்கும் முன்னால், நாகப்பட்டினத்திலிருந்து மாறிவந்த ரயில்வே பணிமனை பொன்மலையில் பல ஆண்டுகளாக இரும்புவேலை சொல்லிக்கொடுத்திருந்தது.

தாராசுரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றால், ரயில்தான். மெயின் லைனில் பாசஞ்சர் ஏறினால் தஞ்சாவூர், அதைத் தாண்டித் திருவெறும்பூர். எங்கள் தெருவில் எல்லாம் தறி வீடு. அப்பா பட்டு நெய்வார். பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். "அறுந்த இழையை மறைச்சு நெய்யாதடா, கட்டிக்கிற பொண்ணுக்குத் தெரியாட்டியும் சேலைக்குத் தெரியும்" என்பார். தறியில் கூலி கட்டுப்படியாகாத காலம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் நாவல்பட்டுக்குப் போனேன். தறியை விட்டு வந்தது அப்பாவுக்கு வருத்தம். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு சொல்தான் அங்கே என் வேலைக்கு உதவியது.

பேரலைச் சோதிப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முழு இரும்புத் தண்டை நீளவாக்கில் துளைத்து, துளையை மெருகேற்றி, உள்ளே சுருள் வரிப்பள்ளம் போடுவார்கள். அந்த வரிதான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகச் செய்வது. பேரல் கைக்கு வந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். துளைக்குள் வட்டத்துக்குள் வட்டமாக ஒளிவளையங்கள் தெரியும். எல்லா வளையமும் ஒரே மையத்தில் நின்றால் பேரல் நேர். ஒன்று ஒருபுறம் ஒதுங்கினாலும் எங்கோ வளைவு இருக்கிறது. பிறகு கேஜ். அதன் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகவே கூடாது. போகக்கூடாத முனை மயிரிழை உள்ளே இறங்கினாலும் அந்தப் பொருள் தள்ளுபடி. அதற்குப் பிறகும், வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்த பின்தான் முத்திரை. என் முத்திரை விழுந்த ஒவ்வொரு பேரலுக்குப் பின்னாலும் முகம் தெரியாத ஒரு பையன் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பான் என்ற நினைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது. வேலை முடிந்து வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கூலன்ட் எண்ணெய் வாடை சோற்றில் வரும். என் மனைவிக்கு அது பழகவே இல்லை.

திருச்சியில் செய்தவை பல. 5.56 மி.மீ. இன்சாஸ் ரைஃபிள், கையெறி குண்டை வீசும் 40 மி.மீ. லாஞ்சர்கள், காலாட்படை ஏறிப்போகும் கவச வண்டிக்கான 30 மி.மீ. பீரங்கி, ஊர்ப் பெயரையே தாங்கிய திருச்சி அசால்ட் ரைஃபிள், கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தில் செய்த, தொலைவிலிருந்து இயக்கும் 12.7 மி.மீ. துப்பாக்கி என்று பட்டியல் நீளும். பக்கத்திலேயே ஹேப் என்னும் தொழிற்சாலை. டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் தண்டுகளை அங்கே செய்கிறார்கள். உலோகத்தைப் பொடியாக எடுத்து, அழுத்தி, உலையில் சுட்டு இறுக்குவது. அந்தத் தண்டு ஒன்றைக் கையில் வாங்கினால் கரும்புத் துண்டு அளவுதான், ஆனால் கை கீழே இழுக்கும். இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடை.

விழா மலர் என்றால் புகழ்ச்சி மட்டும்தான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் அந்த வழக்கத்துக்கு உடன்படவில்லை. இன்சாஸின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

இன்சாஸ் இந்தியாவே வடிவமைத்த ரைஃபிள். 1990களில் படைக்குப் போனது. திருச்சியோடு இன்னும் பிற தொழிற்சாலைகளும் அதைச் செய்தன. 1999இல் கார்கில். குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. மூன்று குண்டோடு நிற்க வேண்டிய நிலையில் வைத்தும் நிற்காமல் சுட்டது. சுடுபவன் முகத்தில் எண்ணெய் தெறித்தது. இதெல்லாம் படையிலிருந்தே வந்த புகார்கள். குறைகளைத் திருத்தினார்கள். ஆனால் 2005 ஆகஸ்ட்டில் நேபாளத்தின் காளிகோட்டில் மாவோயிஸ்டுகள் ஒரு ராணுவ முகாமைத் தாக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றபோது, நாங்கள் கொடுத்த இன்சாஸ் நீண்ட சண்டையில் வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் வெளிப்படையாகவே சொன்னது. சரியாகப் பராமரிக்கவில்லை என்பது நம் தரப்பு பதில். இருக்கலாம். ஆனால் உறைபனியில், பயந்த கையில், எண்ணெய் போடாத நாளிலும் சுட வேண்டியது படைத்துப்பாக்கி. அப்படிச் சுடவில்லை என்றால் குறை வடிவமைத்தவனுக்கும் உண்டு, செய்தவனுக்கும் உண்டு, சோதித்தவனுக்கும் உண்டு. காளிகோட்டுச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதே 2005இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்திடமிருந்து வாங்கிவந்த பெரிய ரைஃபிள்கள், லஞ்சப் புகாரால் அந்த நிறுவனத்தை அரசு தடைசெய்ததும் நின்றுபோயின. அந்த இடத்தை நிரப்பத் திருச்சியில் உருவானது வித்வன்சக். ஒரே துப்பாக்கியில் பேரலையும் சில உறுப்புகளையும் மாற்றி 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுத் தோட்டாவையும் சுடலாம். முதல் இரண்டு அளவுகளில் 1,800 மீட்டர் வரை குறி எட்டும். பதுங்குகுழி, வாகனம், ராடார் ஆகியவற்றைத் தாக்குவதற்கானது. எல்லைப் பாதுகாப்புப் படை அதை வாங்கியது. வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டதும் நம் கை என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று. கார்கில் போரின்போது அவசரத்துக்கு வெளிநாட்டில் குண்டும் செயற்கைக்கோள் படமும் கேட்டுப் போனபோது விற்றவர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள் என்று அன்றைய தரைப்படைத் தளபதி வி.பி. மாலிக் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். தண்ணீருக்காக மேல்மடைக்காரன் முகத்தைப் பார்த்து நிற்பது என்றால் என்ன என்று நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். ஆயுதத்துக்கும் அதே நிலைதான்.

ஆனால் அந்த நிலை இன்னும் மாறிவிடவில்லை. 2020 முதல் 2024 வரை உலகில் அதிகம் ஆயுதம் இறக்குமதி செய்த நாடுகளில் உக்ரைனுக்கு அடுத்து இந்தியாதான் என்கிறது ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம். இன்னொரு பக்கம், 2024-25இல் நம் ராணுவத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய் என்று அரசு கணக்குக் காட்டுகிறது. விற்பதில் தப்பில்லை. ஆனால் விற்ற ஆயுதம் யார் கைக்குப் போகிறது, யார் மேல் திரும்புகிறது என்று பார்க்கும் பொறுப்பு விற்றவனுக்கு உண்டு. இந்தியக் கடற்படையின் சரயு என்ற ரோந்துக் கப்பல் 2000இல் இலங்கைக் கடற்படைக்குப் போய் சயுராவாக மாறியது. கோடியக்கரையில் நின்றால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமிழ் மக்கள் இலங்கை உள்நாட்டுப் போரில் பட்டது நம் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது. ஆயுதம் செய்து பிழைத்த நான் இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தொழிற்சாலையின் பிற்காலக் கதை சுருக்கமானது, எங்களுக்குக் கசப்பானதும்கூட. அரசுத் துறையாக இருந்த படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனமாக்கப்போகிறார்கள் என்றதும் 2019 ஆகஸ்ட் 20 அன்று நாடெங்கும் 41 தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 82,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேச்சுவார்த்தை என்று சொல்லி ஒரு வாரத்துக்குள் அது நின்றது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தில் சேர்ந்தது. ஹேப் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. ஒரே சுற்றுச்சுவர் ஓரம் வாழ்ந்தவர்கள் இரண்டு முதலாளிக்குப் பணியாளர்கள் ஆனார்கள். அதற்கு முன்பே, தனியாரையும் உள்ளே கொண்டுவரும் இராணுவத் தளவாடத் தொழில்வழித்தடத்தைத் திருச்சியிலேயே 2019 ஜனவரி 20 அன்று தொடங்கிவைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி அதன் ஐந்து முனைகள். தனியார் வரட்டும், போட்டி நல்லதுதான். ஆனால் கேஜை உள்ளே விட்டுப் பார்த்து "இது ஆகாது" என்று சொல்லும் ஆளுக்கு மாதக் கடைசி உற்பத்திக் கணக்கைக் கண்டு பயப்படாத வேலைப் பாதுகாப்பு வேண்டும். அது போய்விட்டால் விளைவு போர்முனையில்தான் தெரியவரும்.

இப்போது ட்ரோன் காலம். உக்ரைனில் சில பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் ஒன்று பல கோடி டாங்கியை எரிப்பதைக் கைப்பேசியில் பார்க்கிறோம். இனி ரைஃபிளுக்கு என்ன வேலை என்று என் பேரன் கேட்கிறான். கடைசியில் ஓர் இடத்தில் காலூன்றி நிற்கப்போவது ஒரு மனிதன்தான், அவன் கையில் நம்பத்தக்க ஒன்று இருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

தாராசுரம், சுவாமிமலை, பட்டீசுவரம், கும்பகோணம் பகுதிகளிலிருந்து நாவல்பட்டுக்கும் ஆவடிக்கும் அருவங்காட்டுக்கும் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். லேத்தில் நின்றவர்கள், உலையில் நின்றவர்கள், கேன்டீனில் நின்றவர்கள், வேலைநிறுத்தத்தில் கேட்டில் நின்றவர்கள். அவர்களுடைய வரலாறு எந்த அலுவலகக் கோப்பிலும் முழுதாக இல்லை. ரகசியம் என்று காக்க வேண்டியதைக் காத்துக்கொள்ளுங்கள். மற்றதை, நல்லதையும் குறையையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதி விழாக் குழுவிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் போதும், நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.