பெயரில் உள்ள வீடு

‘குவாஜாசரா’ என்பது பாரசீகச் சொல். ‘குவாஜா’ என்றால் தலைவர், பெரியவர் என்பது பொருள். ‘சரா’ என்றால் மாளிகை, இல்லம். வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைக் குறிக்கும் ‘சராய்’ என்ற சொல்லும் இதன் இனமே. முகலாயர் காலத்தில் அரண்மனை அந்தப்புரத்தைக் காத்து நின்ற அலுவலர்களுக்கு வழங்கிய இப்பெயர், இன்று பாகிஸ்தானில் திருநங்கையரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாக வழங்குகிறது. பெயரிலேயே வீட்டைச் சுமந்து நிற்கும் இம்மக்களுக்கு இத்துணைக்கண்டத்தின் நகரங்களில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதும் அரிதாக இருக்கிறது. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அக்காலக் குவாஜாசராக்களுள் பெரும்பாலோர் சிறுவயதில் அடிமைகளாக விற்கப்பட்டு, விதையடிக்கப்பட்டு, அரண்மனைப் பணிக்கு வந்தவர்கள். அது கொடுமை; அதற்கு மார்க்கத்தில் அனுமதி இல்லை. வங்காளத்தின் சில்ஹட் பகுதியில் பெற்றோரே பிள்ளைகளை இவ்வாறு ஆக்கி, அரசிறைக்கு ஈடாகக் கொடுத்துவந்த வழக்கத்தைப் பேரரசர் ஜஹாங்கீர் கண்டித்துத் தடை விதித்தார். வடநாட்டில் ஹிஜ்ரா என அழைக்கப்பட்ட மக்களோ தம் இயல்பால் ஆண் வாழ்வை விட்டுப் பெண் கோலம் ஏற்றுக் கூட்டமாக வாழ்ந்தவர்கள். இரு சாராரும் ஒருவரல்லர். ஆயினும் ஆண், பெண் என்ற இரு வரிசைகளிலும் அடங்காதவர்களுக்கு அன்றைய சமுதாயம் என்ன இடம் தந்தது என்பதை அறிய இரு சாராரின் வரலாறும் உதவும்.

பேரரசர் ஔரங்கசீபின் நம்பிக்கைக்குரியவராக இருந்த பக்தாவர் கான் ஒரு குவாஜாசரா. ‘மிர்ஆத்துல் ஆலம்’ என்னும் பாரசீக வரலாற்று நூல் அவர் பெயரால் விளங்குகிறது. தில்லிக்குத் தெற்கே ஃபரீதாபாத் அருகில் பக்தாவர் நகர் என்ற ஊரை அவர் எழுப்பினார். 1685-ஆம் ஆண்டு அவர் காலமானார். அவத் நாட்டில் பெரும் நிலப்பகுதிகளின் வரிவசூலைத் தம் பொறுப்பில் வைத்திருந்த அல்மாஸ் அலீ கானும் குவாஜாசராவே. இன்றைய உன்னாவ் மாவட்டத்தில் உள்ள மியான்கஞ்ச் என்னும் ஊர் அவர் நிறுவியது. நகரங்களில் இடம் தேடி அலைவோர் என்று இன்று நாம் நினைக்கும் வரிசையில், நகரங்களையே நிறுவியவர்களும் இருந்தனர் என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன.

அரண்மனைக்கு வெளியே வாழ்ந்த ஹிஜ்ராக்களுக்கும் ஊரில் ஓர் இடம் இருந்தது. தில்லி மெஹ்ரவ்லியில், லோதி சுல்தான்களின் காலமாகிய 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. ‘ஹிஜ்ராக்களின் கான்காஹ்’ என்பது அதன் பெயர். வெண்சுண்ணம் பூசிய கல்லறைகளோடு விளங்கும் அத்தலத்தைப் பழைய தில்லியின் துர்க்மான் வாயில் பகுதியைச் சேர்ந்த ஹிஜ்ராக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருகின்றனர். இறந்தபின் உறங்கவும் ஊரில் நிலம் பெற்றிருந்த ஒரு கூட்டத்தை அந்நாளைய தில்லி அறிந்திருந்தது.

தக்காணத்திலோ அவர்களுக்கு எழுத்து மூலமான உரிமைகளே இருந்தன. மராத்தியர் ஆட்சியில் சில ஹிஜ்ராக்கள் மானிய நிலமும், கிராமத்து வீடுகளில் சிறு தொகையும் தானியமும் பெறும் பரம்பரைப் பாத்தியதையும் உடையவர்களாக இருந்தனர். அவ்வுரிமை குருவிடமிருந்து சீடருக்குச் சென்றது. பம்பாய் மாகாணத்தைக் கைக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 19-ஆம் நூற்றாண்டில் இந்த மானியங்களைத் தொடர மறுத்தது. உரிமையாக இருந்தது பிச்சையாக மாறியது இவ்வாறுதான்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விஷயத்தில் காட்டிய அக்கறையையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) காலமான இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி அவர்களின் ‘ஹிதாயா’, பிறப்பிலேயே ஆணா பெண்ணா என்று துணிய இயலாத ‘குன்ஸா’வுக்குத் தனி அத்தியாயம் வகுத்திருக்கிறது. தொழுகையில் அவர் எந்த வரிசையில் நிற்பது? சொத்தில் அவர் பங்கு எவ்வளவு? அவர் இறந்தால் ஜனாஸாவை எவ்வாறு குளிப்பாட்டுவது? இவையே இமாம்கள் ஆராய்ந்த கேள்விகள். தொழுகையில் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் இடையே அவர் நிற்பார் என்று விடையும் கண்டார்கள். இன்று திருநங்கை, திருநம்பி எனப்படும் அனைவரும் குன்ஸா என்னும் வகையில் அடங்குவர் என்று கூறிவிட முடியாது. அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று தெளிவு. ஐயத்துக்குரிய ஒருவரையும் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்திவிடாமல், அவருக்கு உள்ளே எங்கே இடம் என்று நம் முன்னோர் சிந்தித்தார்கள்.

அதற்கு நேர்மாறான சிந்தனை 1871-இல் சட்டமாக வந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் என்றால் நம் நாட்டவர்க்குக் கள்ளர், மறவர் முதலிய சமூகங்கள் பட்ட துன்பமே நினைவுக்கு வரும். 1871-ஆம் ஆண்டின் 27-ஆம் எண்ணுள்ள அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ என்று அரசு குறித்தவர்களைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். பிள்ளைகளைக் கடத்துவோர் என்றும், இயற்கைக்கு மாறான குற்றம் புரிவோர் என்றும் சந்தேகிக்கப்பட்டவர்களின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவ்வாறு ஏறியவர் பெண்ணுடை அணிந்து தெருவில் தோன்றினாலோ, பொது இடத்தில் ஆடினாலோ, பிடி ஆணையின்றியே கைதுசெய்யலாம்; இரண்டாண்டு வரை சிறையிடலாம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி வீட்டுக்குள் நிற்பதும் குற்றமாக முடியும். சிறுவருக்குக் காப்பாளராக இருக்கவும், தானம் செய்யவும், உயில் எழுதவும், பிள்ளையைத் தத்தெடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

இச்சட்டத்தின் உள்நோக்கத்தைக் கவனியுங்கள். தெருவும் சந்தையும் அவர்களுக்கு மூடப்பட்டன. சொத்தைச் சீடருக்கு விட்டுச்செல்லும் வழி அடைக்கப்பட்டது. ஒரு கூட்டத்தைக் கொல்லாமலேயே, ஒரு தலைமுறையோடு இல்லாமலாக்கும் ஏற்பாடு அது.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறி அமைதியடைய நமக்கு வழியில்லை. நிஜாமின் ஹைதராபாத்திலும் ஃபஸ்லி 1329-இல், அதாவது 1919-இல், இதே போன்ற சட்டம் பிறந்தது. அங்கும் பதிவேடு, அங்கும் பெண்ணுடைக்குத் தண்டனை, அங்கும் ஆணையின்றிக் கைது. குவாஜாசராக்களின் பெயர் பொறித்த வரலாற்றை உடைய ஓர் அரசு, அந்நியர் சட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டது. நிஜாம் ஆட்சி மறைந்தது. மாநிலங்களின் பெயர்கள் மாறின. அச்சட்டம் மட்டும் ஏட்டில் நிலைத்திருந்தது. அரசியலமைப்புக்கு முரணானது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை நீக்கியது 2023 ஜூலையில்தான்.

விடுதலை பெற்ற இந்தியா பதிவேட்டின் பயனை மாற்றியமைக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. இதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. 2008 ஏப்ரலில் இங்கே திருநங்கையர் நலவாரியம் அமைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்ற பிரிவின் எண்ணிக்கையை வெளியிட்டது: நாடு முழுவதும் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். தம்மை வெளியே சொல்ல அஞ்சியவர் எத்தனையோ! 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்ததோடு, அவர்களுக்குத் தனிக் கழிப்பிடமும் மருத்துவ வசதியும் செய்துதருமாறு அரசுகளைப் பணித்தது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ பிரிக்கலாகாது என்று விதித்தது.

ஆனால் ஏட்டில் பெயர் ஏறுவது வேறு. ஊரில் இடம் கிடைப்பது வேறு. இதற்குக் கொச்சி நகரம் சான்று. 2017-இல் கொச்சி மெட்ரோ இரயில் தொடங்கியபோது 23 திருநர்களுக்கு வேலை தரப்பட்டது. நாடே பாராட்டியது. சில வாரங்களுக்குள் அவர்களுள் சிலர் வேலையை விட்டு விலகினர். வேலை இருந்தது, ஊதியம் இருந்தது; அந்த ஊதியத்துக்குள் வீடு தருவார் இல்லை. விடுதிகளில் தங்கினால் சம்பளம் அதற்கே போதவில்லை. இருப்புப்பாதையையும் நிலையத்தையும் திட்டமிட்டவர்கள், பணியாளர் இரவில் எங்கே தலைசாய்ப்பார் என்பதைத் திட்டமிட மறந்தனர்.

இதற்கு மாறான ஒரு முயற்சி தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது. 2020-இல் கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் திருநங்கையருக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. அங்கேயே அவர்களுக்கென்று பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பட்டது. குடியிருப்பும் பிழைப்பும் சேர்ந்து வந்ததால் அம்முயற்சி தனித்து நிற்கிறது. எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு அமைப்பது முதற்படியாக இருக்கலாம். அதுவே முடிவாகிவிட்டால் பழைய ஒதுக்கல் புதிய சுவர்களோடு திரும்பிவிடும். மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் உள்ள தெருவிலேயே அவர்கள் வாழ வழி வேண்டும்.

நகரைத் திட்டமிடுவோர் நிலப்படத்தில் வண்ணம் தீட்டுகிறார்கள்: இது குடியிருப்பு, இது வணிகம், இது பூங்கா. அந்தக் கூட்டத்தில் ஒரு திருநங்கையும் அமர்ந்திருந்தால் வேறு கேள்விகள் எழும். இரவில் எந்தத் தெருவில் விளக்கில்லை? பேருந்து நிலையத்துக் கழிப்பிடத்தில் எந்தக் கதவு எனக்குத் திறக்கும்? அரசு வீட்டு ஒதுக்கீட்டில் ‘குடும்பம்’ என்பது கணவன் மனைவி மட்டுந்தானா, குருவும் சீடரும் சேர்ந்து வாழும் இல்லத்துக்கு அங்கே இடமுண்டா? இக்கேள்விகளை அவர்களே கேட்டாலன்றி வேறெவர்க்கும் தோன்றா.

அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டியவை இவை. ஆனால் வாடகை வீட்டின் சாவி அரசின் கையில் இல்லை. நம் போன்றோர் கையில் இருக்கிறது. நம் மஹல்லாக்களில் பிறந்த பிள்ளைகளுள்ளும் இத்தகையோர் உண்டு. மானத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் இறந்தால் மையவாடியில் இடம் கேட்டு உறவினர் தயங்கி நிற்கும் நிலை வரலாகாது. கொள்கைப் பூசல்கள் ஒருபுறம் நடக்கட்டும். பசித்தவருக்குச் சோறும், வெயிலில் நிற்பவருக்கு நிழலும், இறந்தவருக்கு ஆறடி நிலமும் அந்தப் பூசல் முடியும்வரை காத்திருக்கலாகாது. தொழுகை வரிசையிலேயே இடம் வகுத்துத் தந்தவர்களின் வழிவந்த நாம், தெருவில் இடமில்லை என்று சொல்வது எவ்வகையிலும் முறையாகாது.