குற்ற ஒப்புதலைத் திரும்பப் பெறுதல்

குற்ற ஒப்புதலைத் திரும்பப் பெறுதல் என்பது, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் பின்னர் அதை மறுத்து, வழக்கை முறைப்படி விசாரிக்கும்படி கோருவது. புலன்விசாரணையின்போது தரும் வாக்குமூலம் வேறு; குற்ற ஒப்புதல் என்பது குற்றச்சாட்டை வாசித்துக் காட்டியபின் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொல்லும் பதில். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டங்களில் அதைத் திரும்பப் பெறுவதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. அதனால், எதிரி உண்மையில் என்ன சொன்னார், அதை நீதிமன்றம் எப்படிப் பதிவு செய்தது என்ற கேள்வியைச் சுற்றியே இங்கு இதன் வரலாறு வளர்ந்திருக்கிறது.

வட சென்னையில் நடைமுறை

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு வட்டார வழக்குகள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களுக்குப் போகின்றன. திருவொற்றியூரில் தனி நீதிமன்றம் உண்டு. இந்த வட்டாரத்தில் குற்ற ஒப்புதல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பெட்டி கேஸ் எனப்படும் சிறு வழக்கு. 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வதைத் தண்டிக்கிறது. ‘75 கேஸ்’ என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும்.

பெயர் கூப்பிடுகிறார்கள், எதிரி கூண்டருகே நிற்கிறார், “ஒத்துக்கிறியா?” என்ற கேள்விக்கு “ஆமாங்கய்யா” என்கிறார். அபராதம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு அன்றே வேலைக்குப் போய்விடலாம். மறுத்தால் வாய்தா. மூட்டை தூக்குபவருக்கும் மீன் ஏலத்தில் நிற்பவருக்கும் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. நாலு வாய்தாவுக்கு அலைவதைவிட அபராதம் மலிவு என்று கணக்குப் பார்த்து, செய்யாததையும் ஒப்புக்கொள்பவர் உண்டு.

அந்த ஒற்றைச் சொல்லும் சட்டப்படி ஒரு தண்டனைத் தீர்ப்புதான். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அது தலைதூக்குகிறது. ஒப்புதலைத் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் எழுகிறது.

சட்டத்தின் வளர்ச்சி

இந்தியாவின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இல் வந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களையும் சேர்த்து நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் 1882இல்தான் அமைந்தது. அதன் வழிவந்த 1898 சட்டம், சம்மன் வழக்குகளில் எதிரி ஒப்புக்கொண்டால் அவர் பயன்படுத்திய சொற்களிலேயே, கூடுமானவரை அப்படியே எழுத வேண்டும் என்று 243ஆம் பிரிவில் விதித்தது. ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டவர் தண்டனையின் அளவு, சட்டப்பொருத்தம் ஆகியவற்றை எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்று 412ஆம் பிரிவு கதவைப் பாதி சாத்தியது.

மாகாண நகர நடுவர்களுக்கு அதே சட்டம் ஒரு சலுகையும் தந்தது. விரிவான தீர்ப்பு எழுதாமல் வரிசை எண், குற்றம், எதிரியின் பதில், இறுதி உத்தரவு முதலிய விவரங்களைக் குறித்தால் போதும். வழக்குகள் வேகமாக முடிந்தன. எதிரி வாய் திறந்து சொன்னது ஒரு கட்டத்துக்குள் சுருங்கியது.

1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1973 சட்டம் இந்த ஏற்பாடுகளைப் பெரும்பாலும் தொடர்ந்தது. 229, 241, 252 ஆகிய பிரிவுகள், ஒப்புதலை ஏற்றுத் தண்டிப்பதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டன. தண்டிக்கும் முன் எதிரி மனம் மாறினால், அந்த விருப்புரிமையைக் காட்டித்தான் முழு விசாரணை கேட்க வேண்டும்.

சென்னையிலிருந்து போன வழக்கு

இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் தீர்ப்புகளுள் ஒன்று சென்னை மாகாண மதுவிலக்குச் சட்ட வழக்கில் பிறந்தது. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாநிலம் என்ற அந்த வழக்கு, 1966ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. 243ஆம் பிரிவைப் பின்பற்றுவது கட்டாயம், அது வெறும் சடங்கல்ல, மீறினால் தண்டனையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டு உரிமையே அந்தப் பதிலைப் பொறுத்து இருப்பதால், தவறான புரிதலுக்கு இடமில்லாதபடி எதிரியின் மொழியிலேயே பதிய வேண்டும் என்பது அதன் காரணம். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மட்டும் எழுதிய பதிவுகளை எதிர்க்க வழக்கறிஞர்கள் இன்றும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

பேரத்தின் பேரில் ஒப்புதல்

லேசாக விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஒப்புக்கொண்டவருக்கு மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டினால் என்ன செய்வது? 1980இல் குஜராத்தின் காசம்பாய் வழக்கிலும் 1983இல் கர்நாடகத்தின் திப்பேசுவாமி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. அத்தகைய ஒப்புதலைக் கொண்டு தண்டிப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு எதிரானது. வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெற்றதற்கு நிகரான பலன் இதில் எதிரிக்குக் கிடைத்தது.

பேரத்தை அவ்வளவு கடிந்த பிறகும், 2006 ஜூலை முதல், ஏழாண்டு வரையிலான சிறைத்தண்டனைக் குற்றங்களுக்கு அது சட்டபூர்வமானது. பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்கள், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பம் மனமுவந்து கொடுக்கப்பட்டதுதானா என்று நீதிபதி எதிரியைத் தனியே விசாரிக்க வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டால் சாதாரண மேல்முறையீடு இல்லை. உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனுவும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும்தான் மிச்சம்.

பிற நாடுகளில்

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது: தண்டனை விதிக்கும் முன், நீதவானின் அனுமதியோடு ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் கீழ் நீதிமன்றங்களிலும் தண்டனைக்கு முன் மாற்ற இடமுண்டு என்று பிரபுக்கள் சபை 1969இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் திரும்பப் பெற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1927இல் கூறியது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 1996இல், ஒப்புக்கொள்பவர் அதன் விளைவை அறிந்திருக்க வேண்டும், நிபந்தனையின்றி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவற்றை அளவுகோலாக வலியுறுத்தியது.

இன்றைய நிலை

1973 சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சென்னை போன்ற பெருநகரங்களுக்கென்று இருந்த பெருநகர நடுவர் என்ற பதவியை எடுத்துவிட்டது. ஒப்புதல் பற்றிய விதிகள் 252, 264, 275ஆம் பிரிவுகளாகவும் மேல்முறையீட்டுத் தடை 416ஆம் பிரிவாகவும் தொடர்கின்றன. திரும்பப் பெறுவதற்கான பிரிவு இதிலும் இல்லை.

தண்டனைக்குப் பின் எஞ்சும் வழிகள் இரண்டு: சீராய்வு மனு, அல்லது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடும் 528ஆம் பிரிவு மனு. குற்றச்சாட்டு புரியும்படி விளக்கப்படவில்லை, சொற்கள் பதியப்படவில்லை, ஆசை காட்டியோ மிரட்டியோ ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்பவை அவற்றில் எழுப்பப்படும் காரணங்கள். இலவசச் சட்ட உதவி உண்டென்று தெரிவிக்காமல் வழக்கறிஞரின்றி நடந்த விசாரணையை 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இங்கே துணைக்கு வரும். அபராதம் அதிகமாகத் தோன்றுகிறது என்ற வருத்தமோ, வேலை கிடைக்கவில்லை என்ற ஆதங்கமோ தனியாக நின்று வெல்வது கடினம். வழக்குக்கட்டின் நகலை வாங்கி, எதிரியின் பதில் அதில் எந்தச் சொற்களில் இருக்கிறது என்று பார்ப்பதில்தான் இப்படிப்பட்ட மனுவின் வேலை தொடங்குகிறது.