குகையிருளில் ஒரு மணிக்கூடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள வவுணதீவுப் பகுதியிலே பொழுது சாயும் வேளையைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவர். வெயில் தணியத் தணிய, வளவுகளில் நிற்கும் புளியமரங்கள் தம் சிற்றிலைகளை இணை இணையாக மடக்கிக்கொள்ளும். மாடுகள் பட்டிக்குத் திரும்பும். சற்று நேரத்தில் வௌவால்கள் வெளிக்கிளம்பும். இருள் வந்தது, ஆகையால் இலை மடிந்தது, வௌவால் பறந்தது என்பதே பொதுமக்களின் எண்ணம். அந்த எண்ணம் பாதி உண்மையே என்பதை நிலைநாட்ட விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் பிடித்தது.

மகா அலெக்சாந்தரின் படையோடு வந்த அந்திரோஸ்தெனீஸ் என்னும் கிரேக்கர், இன்று பஹ்ரேன் எனப்படும் தீவிலே இரவில் இலை மடக்கும் மரமொன்றைக் கண்டு குறித்து வைத்தார். அது புளியமரமே என்று அறிஞர் கருதுவர். கண்டாரேயன்றி அவர் காரணத்தை ஆராயவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு 1729ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு தெ மைரான் என்னும் பிரெஞ்சு வானியலார், தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத அச்செடி பகலில் இலை விரித்தது, இரவில் மடக்கியது. அப்படியாயின், நேரத்தை அதற்கு அறிவித்தது எது?

இருபதாம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் எர்வின் புன்னிங் இக்கேள்வியைப் போஞ்சிச் செடியிடம் கேட்டார். சுழற்சி நீண்ட செடியையும் குறுகிய செடியையும் கலப்புச் செய்தபோது, அவற்றின் சந்ததி இடைப்பட்ட சுழற்சியைக் காட்டியது. நேர உணர்வு பரம்பரையாக வருவது, உயிரின் உள்ளேயே ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்ற கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது. எனினும் இம்மணிக்கூடு சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. சற்று முந்தும், அல்லது பிந்தும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது சூரிய வெளிச்சம். வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழும் பிராணியின் மணிக்கூட்டைத் திருத்துவது யார்? இதற்கு விடை கண்டவர்களுள் ஒரு தமிழ்நாட்டுக் குழுவினர் முன்னிற்கின்றனர்.

அக்குழுவின் தலைவர் மாரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன். 1937இல் பிறந்த அவர், சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது கடற்கரை மணலில் புதைந்து வாழும் சிறியதொரு நண்டு. அலையும் வெயிலும் இல்லாத ஆய்வுகூடத்திலும் அந்நண்டு கடலின் வற்றுப்பெருக்கையும் பகலிரவையும் ஒருங்கே நினைவில் வைத்திருந்தது. அதன் அசைவும் சுவாசமும் அவ்விரு தாளங்களுக்கும் இசைந்தே நடந்தன. இவ்வாராய்ச்சி 1965இல் வெளியாயிற்று. பின்னர் அவர் ஜேர்மனியின் டியூபிங்கன் நகருக்குச் சென்று, புன்னிங் பணிபுரிந்த அந்தப் பல்கலைக்கழகத்திலே பழ ஈக்களை ஆராய்ந்தார். எங்கல்மன் என்பவரோடு சேர்ந்து 1973இல் அவர் வெளியிட்ட முடிவு நுட்பமானது. இரவின் முற்பகுதியிலும் பிற்பகுதியிலும் ஈயின் மணிக்கூட்டை நகர்த்துவதற்கு வெவ்வேறு அளவு நீல ஒளி வேண்டும் என்பதே அது. அந்தியும் விடியலும் ஓர் உயிருக்கு ஒரே பொருளைத் தருவன அல்ல.

1970களின் நடுவில் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவிலே இத்துறை ஆராய்ச்சி மண்ணுக்கடியில் அமைத்த அறைகளில் நடைபெற்றது. ஒளி, வெப்பம், ஓசை யாவற்றையும் தடுத்த அறைகள் அவை, செலவு மிகுந்தவை. மதுரையைச் சூழ்ந்த கற்குன்றுகளிலோ இயற்கையே அத்தகைய அறைகளை அமைத்து வைத்திருந்தது. அக்குகைகளின் உட்பகுதியில் என்றும் இருள். வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. அங்கே இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாய் வாழ்ந்தன. (இவ்வினம் இலங்கையிலும் உண்டு.) வசதியின்மை என்று பிறர் எண்ணக்கூடியது இங்கே வசதியாயிற்று. ஏனெனில், செயற்கை அறைக்குள் ஒரு பிராணியை அடைக்கலாம். ஒரு சமூகத்தை அடைப்பது அரிது.

சந்திரசேகரனும் அவருடைய மாணவர் மாரிமுத்துவும் பிறரும் செய்த சோதனை எளிமையானது. வௌவாலொன்றைக் கூண்டிலிட்டு, அதன் கூட்டம் வாழும் அதே குகையினுள் வைத்தனர். அது வெளியே சென்று அந்தியைக் காண முடியாது. ஆயினும், கூட்டம் இரைதேடப் புறப்படும் வேளையில் அதுவும் கூண்டுக்குள் சிறகடித்தது. பல நாட்கள் கழிந்தும் அந்த ஒழுங்கு தவறவில்லை. அதன்பின் வேறு வௌவால்களே இல்லாத தனிக்குகையில் ஒன்றை வைத்தனர். அதன் மணிக்கூடு ஓடியது. ஆனால் வெளியுலக நாளோடு ஒட்டாமல் விலகிச் சென்றது. சிறைப்பட்ட வௌவாலுக்குச் சூரியனாய் இருந்தவை அதன் தோழர்களே! 1978 முதல் இம்முடிவுகள் ஜேர்மனிய விஞ்ஞான ஏடுகளில் வெளிவந்தன.

இவற்றைத் தொடர்ந்து 1983இல் வெளியான சோதனை இன்றைய உலகுக்கு இன்னும் நெருக்கமானது. குகையினுள் இடைவிடாது விளக்கெரித்தபோது, தோழரைப் பின்பற்றும் அந்த ஆற்றல் அழிந்தது. கூட்டம் வழக்கம்போல் இருந்தும் கூண்டிலிருந்த வௌவால் தன்வழியே போயிற்று. இரவெல்லாம் மின்விளக்கெரியும் கரைகள் பெருகிவிட்ட நாளில் இதை அறிந்துகொள்வது நன்று.

வௌவாலை விடவும் மனத்தைத் தொடுவது எலியைப் பற்றிய ஆராய்ச்சி. நெல்வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழும் சிற்றெலிகள் கண் திறவாத குட்டிகளை ஈனுகின்றன. வளைக்குள் கிடக்கும் குட்டிக்குப் பகலென்ன, இரவென்ன? விஸ்வநாதன் என்னும் மாணவரும் சந்திரசேகரனும் தாயெலியை 12 மணி நேரம் குட்டிகளோடு விட்டு, அடுத்த 12 மணி நேரம் பிரித்து வைத்தனர். குட்டிகளின் மணிக்கூடு தாயின் வரவையும் பிரிவையும் பற்றிக்கொண்டு ஓடியது. தாய் உடனிருந்த நேரம் அவற்றுக்குப் பகல். தாய் இல்லாத நேரம் இரவு. இரவிலே இரைதேடச் செல்லும் பிராணி அல்லவா, ஆகவே அக்கணக்குப் பிழையன்று. 1985இல் இலண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' இதழ் இதனைப் பிரசுரித்தது. வயலெலியைப் பயிருக்குப் பகையென்று மட்டுமே அறிந்த உழவர்க்கு இச்செய்தி புதுமையாய் இருக்கும்.

மனிதர்க்காகவும் மதுரையில் ஒரு தனிமையறை அமைக்கப்பட்டது. தாமாக முன்வந்தோர் அதில் மணிக்கூடின்றி, செய்தித்தாளின்றி, நேயர்கள் இவ்வேளை செவிமடுக்கும் வானொலியுமின்றி நாட்களைக் கழித்தனர். பசித்தபோது உண்டு, தூக்கம் வந்தபோது உறங்கினர். அவர்களுடைய தூக்கமும் விழிப்பும், இரண்டு மணி நேரம் கழிந்ததென அவர்கள் மனத்தால் மதிப்பிட்ட அளவும் குறித்து வைக்கப்பட்டு ஆராயப்பட்டன.

பிற்காலத்தில் சந்திரசேகரன் பெங்களூரில் உள்ள ஜவாகர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, அங்கும் இத்துறையை வளர்த்து, 2009இல் காலமானார். எட்டு ஆண்டுகளின் பின், பழ ஈயின் உயிரணுவுக்குள் இம்மணிக்கூட்டின் சக்கரங்களைக் கண்டறிந்த அமெரிக்கர் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாரிமுத்து மதுரையிலேயே தங்கிப் பேராசிரியராகி, வௌவால்களோடு தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.